அலமாரியின் உட்பக்கம்

அல்சூர் ஏரியிலிருந்து
இரண்டு நிறுத்தம் தள்ளி எங்கள் பள்ளிக்கூடம்.
நான் அங்கே ஆசிரியை இல்லை.
சேர்க்கைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழும் எழுதும் கிளார்க்.
விலகும் காரணம் என்ற கட்டத்தில்
இருபது வருஷமாக ஒரே வரி:
தந்தையின் பணியிட மாற்றம்.
பேனாவை வைத்தால் தானே எழுதிக்கொள்ளும்.

இளவேனி வந்தது ஒரு நவம்பரில்,
அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால்.
ஆறாம் வகுப்பு. ஏழாவது பள்ளி.
அம்மா மடியில் தம்பி வீறிட்டு அழ
படிவத்தை இவளே இழுத்து நிரப்பினாள்.
ரத்த வகை, ஆதார், அப்பாவின் பட்டாள எண்
எல்லாம் மனப்பாடம்.
சொந்த ஊர் என்ற இடத்தில் பேனா நின்றது.
"பொறந்ததா ஆண்ட்டி, இப்ப இருக்கறதா,
இல்ல லீவுக்குப் போறதா?"
எது தோணுதோ எழுது என்றேன்.
காலியாக விட்டாள்.
நானும் வற்புறுத்தவில்லை. இன்றும் காலி.

குடியரசு தினத்தில் மேடையேற்றினார்கள்,
பட்டாளத்துப் பிள்ளைகள் பதினோரு பேரை.
ஆளுக்கொரு ரோஜா, ஒரு லட்டு, நீளமான கைதட்டல்.
முடிந்ததும் அவள் நேராக என் அறைக்கு வந்தாள்.
என் தண்ணீர் பாட்டிலில் ரோஜாவைச் செருகினாள்.
"வீட்டுக்குக் கொண்டுபோனா அம்மா அழுவாங்க.
இங்கயே இருக்கட்டும்."
லட்டை மட்டும் பாதி தின்றாள்,
பாதி எனக்கு.

தின்றுகொண்டே சொன்னாள்:
குவார்ட்டர்ஸ் காலி பண்ணும்போது
ஆணி ஓட்டையெல்லாம் பற்பசை வெச்சு அடைப்போம்.
அது அம்மா வேலை.
சுவத்துல எங்க உயரம் குறிச்ச பென்சில் கோட்டை
ரப்பரால அழிக்கறது என் வேலை.
ஜோத்பூர்ல நான் எவ்வளவு இருந்தேன்னு
இப்ப யாருக்குமே தெரியாது ஆண்ட்டி.

என்னிடம் ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை.
சாவி இருந்தது.
பழைய பதிவேடுகள் வைக்கும் இரும்பு அலமாரியை
அகலத் திறந்து
உட்கதவோடு முதுகு ஒட்டி நிற்கச் சொன்னேன்.
தலைமேல் அடிஸ்கேல்.
அழியாத மார்க்கரில் ஒரு கோடு.
பெயர், தேதி.
"வெள்ளையடிக்க மாட்டாங்களே?"
அலமாரிக்குள்ளே யார் அடிப்பார்கள், கழுதை.

அடுத்த வாரம் ஹர்ஜோத் வந்தான், டர்பன் முடிச்சைக் கழித்து
அளக்க வேண்டும் என்று ஒரே சண்டை.
பிறகு லிங்தோ இரட்டையர்.
ஒருத்தி மற்றவளைவிட நூலளவு உயரம்,
அதற்கு ஒரு அழுகை.
இது ஆபீஸா, ஆஸ்பத்திரியா என்றார் பிரின்சிபால்.
கதவைச் சாத்தினேன். கோடுகள் உள்ளே இருந்தன.

மறுவருஷம் ஜூன் மாதம்
சான்றிதழ் வாங்க ஹவில்தார் தணிகாசலம் வந்தார்,
இரண்டு நாள் முன்புதான் மலையிலிருந்து இறங்கியவர்.
நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.
அவள் அவரை எழுப்பி
அலமாரிக்குக் கூட்டிப்போனாள்.

மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும்
மாறி மாறிப் பார்த்தார்.
இடையில் கையைப் படுக்கையாக வைத்தார்.
சரியாக நாலு விரல்.
மோதிர விரலின் நுனி கறுத்திருந்தது.
குளிர் என்றார், நான் கேட்காமலே.
"இவ்வளவா நான் பாக்கல?"
யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.
கையை எடுக்கவும் இல்லை.
வெளியே மணி அடித்து
ஒரு வகுப்பு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியது.

விலகும் காரணம் கட்டத்தில்
அதே வரியைத்தான் எழுதினேன்.
முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது.

தீபாவளி முடிந்து
அஸ்ஸாமிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி.
'ஆண்ட்டி, இங்க அலமாரி மரத்துல.
கிளார்க் சார் யோசிச்சுட்டு இருக்கார்.
149 செ.மீ. உங்க கதவுல போட்டுடுங்க.'

டேப்பைத் தரையிலிருந்து இழுத்துப் பிடித்து,
அவள் நிற்காத இடத்தில் கோடு போட்டேன்.
பெயர், தேதி.
மார்க்கரை மூடிவிட்டு
நானே முதுகு ஒட்டி நின்று பார்த்தேன்.

என் புருவத்துக்கு வந்துவிட்டாள்.